எங்கள் ஆட்கள் நடப்பதில்லை

என் கணவர் இறந்த சாலையில் சிக்னல் விளக்கு வைக்கலாமா வேண்டாமா என்று ஆராய எங்கள் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப் ஒரு கமிஷன் போட்டது. அந்தச் செய்தி எனக்கு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மேலே யாரோ கறிவேப்பிலைக் கன்று வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். கீழே யாரோ நல்ல டே-கேர் விசாரித்திருந்தார்கள். நடுவில் இது. கவுன்சில் ஆட்கள் சிலர், போலீஸிலிருந்து ஒருவர், கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், இன்ஜினியர் ஒருவர். அவர்களோடு ‘சுயேச்சையான உள்ளூர்வாசி’ ஒருவர் வேண்டும், அவர் இந்தியச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது என்று போட்டிருந்தது. நான் படித்துவிட்டு, கறிவேப்பிலைக் கன்று எனக்கு ஒன்று வேண்டும் என்று பதில் எழுதினேன். இரண்டும் ஒரே அளவுதான் மனதில் பட்டன.

ஊரின் பெயர் வேண்டாம். நியூஜெர்சியில் பிஸ்கட்டவேயைத் தாண்டி வரும் சிறிய ஊர்களில் ஒன்று. எங்கள் டவுன்ஹவுஸ் வரிசைக்கு எதிரே பெரிய கவுண்டி ரோடு. அந்தப் பக்கம் நியூயார்க் பஸ் நிற்கும், மகளின் ஹைஸ்கூல் இருக்கிறது. இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். நடந்து கடப்பதற்கான கோடும் கிடையாது, விளக்கும் கிடையாது. சிக்னலில் கடக்க வேண்டுமென்றால் வெகுதூரம் நடக்க வேண்டும், அதுவரைக்கும் நடைபாதையும் இல்லை. ஆகவே எல்லோரும் இடைவெளி பார்த்து ஓடுவார்கள். என் கணவரும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார். தை மாதம், ஐந்து மணிக்கே இருட்டு, கறுப்பு ஜாக்கெட். காரை ஓட்டிய அம்மாள் நிறுத்தினார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார், அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். அந்த அம்மாள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று போலீஸ் சொன்னது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போலிருக்குமே, அந்த வருஷம் முழுக்க எனக்கு உடம்பு அப்படித்தான் இருந்தது. ஃப்யூனரல் ஹோமில் வரிசையாக வந்து கையைப் பிடித்தவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது, “க்ரீன் கார்டு வந்துடுச்சுல்ல?” என்றுதான். சிட்டிசன் ஆகியாயிற்று என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கும் அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது, குறைந்தபட்சம் ஒரு கேள்விக்காவது சரியான பதில் வைத்திருந்தேன்.

அந்த வாரம் என் வீட்டில் நடந்தது எதையும் நான் நடத்தவில்லை. நடத்தியவர் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு பெரியவர். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது இருக்கும். பெரிய கம்பெனியில் டைரக்டர், மளமளவென்று ஆங்கிலம், டவுன்ஹாலில் நடக்கும் தீபாவளியில் மேயருக்குப் பக்கத்தில் நின்று குத்துவிளக்கு ஏற்றுகிறவர். நேரில் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். மனதுக்குள் அவருக்கு ராவ் பகதூர் என்று பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் சர்க்காருக்கு வேண்டப்பட்ட பெரிய மனிதர்களுக்குத் தந்த பட்டம் அது. கிண்டலாக வைத்த பெயர்தான், ஆனால் அவர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐயரை அழைத்து வந்ததும், டெக்ஸஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் என் கொழுந்தனுக்கு டிக்கெட் போட்டதும், என் மகளைத் தன் வீட்டில் சாப்பிட வைத்ததும் அவர்தான்.

ராவ் பகதூர் என்ற பெயர் எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் படிப்பு. இங்கே எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் இன்ஜினியர்கள். நான் ஒருத்திதான் மதுரையில் எம்.ஏ. வரலாறு படித்தவள். இங்கே வந்து ஒரு கோர்ஸ் முடித்து, மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆவணங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். எம்.ஏ.வுக்கு நான் எழுதிய ஆய்வே இதைப் பற்றித்தான்: பிரிட்டிஷ் சர்க்கார் போட்ட கமிஷன்களுக்கு உள்ளூர் உறுப்பினர்களை எப்படிப் பொறுக்கினார்கள் என்பது. ஒரு இந்தியர்கூட இல்லாத கமிஷனுக்குக் கறுப்புக் கொடி காட்டியதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். எனக்கு ஆர்வமெல்லாம் இந்தியரைச் சேர்த்துக்கொண்ட கமிஷன்களில். மேலிடம் ‘சுயேச்சையான, மதிப்புக்குரிய ஒருவர் வேண்டும்’ என்று கலெக்டருக்கு எழுதும். கலெக்டர் தனக்குத் தெரிந்த பெரிய மனிதரைக் கேட்பார். பெரிய மனிதர் கொஞ்சம் யோசிப்பதுபோல் யோசித்துவிட்டுத் தன்னையே சொல்வார், ரொம்பக் கூச்சமாக இருந்தால் மச்சானைச் சொல்வார். ஏரி உடைந்து வயல் போனவன் வந்து சாட்சி சொல்லலாம், நாற்காலி கேட்க முடியாது. நஷ்டப்பட்டவன் எப்படிச் சுயேச்சையாக இருப்பான் என்பார்கள்.

இதையெல்லாம் ஒருமுறை மகளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். வாட்ஸ்அப் செய்தியை அவளிடம் காட்டியபோது, நீயே அப்ளை பண்ணு அம்மா என்றாள். பள்ளி பக்கத்திலேயே இருப்பதால் அவளுக்கு மஞ்சள் ஸ்கூல் பஸ் கிடையாது. காலையில் ஆபீஸ் போகும் வழியில் நான் இறக்கிவிடுவேன். சாயங்காலம் அவள் அந்த ரோட்டைத் தனியாகத்தான் கடந்து வரவேண்டும். அப்பா இறந்த இடத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர முடியும். அங்கே ஒரு விளக்கு வேண்டும் என்று அவள் கேட்டது அப்பாவின் நினைவாக அல்ல, தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். எனக்கு அந்த வருஷத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது என்றால் அது இதுதான். பட்டனை அமுக்கினால் சிவப்பு எரிய வேண்டும், கார்கள் நிற்க வேண்டும், அவள் நடந்து வர வேண்டும்.

கமிஷனுக்கு யாரை அனுப்புவது என்று பேச வாட்ஸ்அப் குழுவினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராவ் பகதூர் வீட்டு பேஸ்மெண்ட்டில் கூடினார்கள். நானும் போனேன். ஆண்கள் கீழே சோபாக்களில் இருந்தார்கள், பெண்கள் மேலே கிச்சனில் பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தோம். யாரும் அப்படிப் பிரித்து வைக்கவில்லை, எல்லா வீட்டிலும் தானாகவே அப்படித்தான் பிரியும். நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

கீழே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். “அவங்க போனா நல்லா இருக்கும்தான். ஆனா அங்க உக்கார வெச்சு, அன்னிக்கு என்ன ஆச்சு, எப்படி ஆச்சுன்னு திரும்பத் திரும்பக் கேப்பாங்க. தேவையா?”

“இன்னும் வருஷம் திரும்பலையே,” என்றார் ராவ் பகதூர். “முதல் வருஷம் வீட்டோட இருக்கட்டும். நம்ம வீட்டுப் பொண்ணா இருந்தா அனுப்புவோமா?”

“அதோட, இன்டிபென்டன்ட்டா இருக்கணும்னு வேற போட்டிருக்கு.”

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் தன் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டார். “உக்காரும்மா,” என்றார் ராவ் பகதூர், அவ்வளவு கனிவாக. “உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் பேசிட்டிருக்கோம்.”

“நான் போகலாம்னு நெனைச்சேன் அண்ணா,” என்றேன்.

பின்னாலேயே இறங்கி வந்திருந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “உனக்கு எதுக்கும்மா இந்த மீட்டிங்கெல்லாம்? நீ ரெஸ்ட் எடு. அண்ணா பாத்துப்பாரு.”

அந்தக் கை எண்ணெயும் மாவுமாய்ச் சூடாக இருந்தது. என் வீட்டுக்கு வாரக்கணக்கில் ரசமும் பொரியலும் செய்து அனுப்பிய கை. நான் ஆபீஸுக்கு வாரம் மூன்று நாள் போய்க்கொண்டுதான் இருந்தேன். அதற்கு யாரும் வருஷம் திரும்பட்டும் என்று சொல்லவில்லை. சம்பளத்துக்குத் தீட்டில்லை போலிருக்கிறது. இதைச் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. கோபம் வந்தால்தானே வார்த்தை வரும். நான் மேலே போய் அடுத்த ஈடு பஜ்ஜியைத் திருப்பிப் போட்டேன். ராவ் பகதூரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று கைத்தட்டலை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அவருடைய வீட்டில் மூன்று கார். எங்கள் தெருவில் அவர் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது தவிர நடந்து நான் பார்த்ததில்லை.

கமிஷன் கோடையில் கூடியது, இலையுதிர் காலத்தில் கூடியது. முடிவு எடுக்கும் கூட்டத்துக்கு மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். டவுன்ஹாலில் வளைவான மேஜை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு பெயர்ப்பலகை. ராவ் பகதூர் கோட்டு போட்டுக்கொண்டு ஓரத்து நாற்காலியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையசைத்தார். பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிஷம் உண்டு, ஆனால் அது கடைசியில், ஓட்டெடுப்பு முடிந்தபின். முன்னால் அழுது முடிவைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்கோ என்னவோ.

கவுண்டி இன்ஜினியர் படங்களைப் போட்டுக் காட்டினார். அந்த இடத்தில் காமிரா வைத்து ஆள் எண்ணியிருக்கிறார்கள். கடக்கிறவர்கள் விதிக்குத் தேவையான அளவு இல்லை, ஆகவே விளக்கு வைப்பது கஷ்டம் என்றார். பயந்துகொண்டு பாதிப் பேர் கடப்பதில்லை, பாதிப் பேர் கடக்காததால் விளக்கு இல்லை. கவுன்சிலில் இருந்த ஒரு பெண்மணிக்கு இது உறுத்தியது. விதி இருந்தாலும் கமிஷன் பரிந்துரைத்தால் கவுண்டி கேட்கும், விளக்கு இருந்தால் இன்னும் பலர் நடப்பார்கள் அல்லவா என்று கேட்டார். தலைவர் சரி என்பதுபோல் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ராவ் பகதூர் பக்கம் திரும்பினார். உங்கள் சமூகத்தினர்தான் அங்கே அதிகம் குடியிருக்கிறார்கள், அவர்கள் அதை உபயோகிப்பார்களா?

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அந்த நொடியில் அவர் வாயில்தான் இருந்தது.

அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அழகான ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் சமூகம் இந்த ஊரில் நன்றாகக் காலூன்றிய சமூகம். டாக்டர்கள், இன்ஜினியர்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் இரண்டு கார் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், எங்கள் ஆட்கள் நடப்பதில்லை.

மேஜையைச் சுற்றி எல்லோரும் புன்னகைத்தார்கள். அவரும் புன்னகைத்தார். அவர் சொன்னதில் விஷமம் எதுவும் இல்லை. வந்த புதிதில் பால் கேலனைக் கையில் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நடந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். முதல் கார் வாங்கியதும் அதன் முன்னால் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கி, போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பியவர்கள். நடக்கிறவன் என்றால் இங்கே இன்னும் நிலைக்கு வராதவன் என்று அர்த்தம். வெள்ளைக்காரர் நாலு பேர் எதிரில் எங்களைப் பற்றி அப்படியொரு அபிப்பிராயம் வந்துவிடக் கூடாது என்று அவர் நினைத்தார். மானத்தைக் காப்பாற்றினார். எங்களில் யாரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தாலும் பெரும்பாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

விளக்கு இல்லை என்று முடிவானது. அதற்குப் பதில் சட்டைமேல் மாட்டிக்கொள்ள இருட்டில் மின்னும் மஞ்சள் வெஸ்ட் வாங்கிக் கொடுப்பது, சாலையைக் கவனமாகக் கடப்பது எப்படி என்று இந்திய மொழிகளில் துண்டுப் பிரசுரம் போடுவது. ராவ் பகதூர் இரண்டுக்கும் கை தூக்கினார். ஒப்புக்குச் சப்பாணியாக ஒருவரை உட்கார வைத்துக்கொள்வார்கள் என்றுதான் நான் எம்.ஏ.வில் எழுதியிருந்தேன். அது தப்பு. சப்பாணியின் ஓட்டில்தான் காரியமே முடிகிறது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய்ப் பெயரையும் விலாசத்தையும் சொன்னேன், அது கட்டாயம். பிறகு, என் கணவர் நடந்தார் என்றேன். மேற்கொண்டு ஏதாவது வரும் என்று நானும் காத்திருந்தேன், மேஜையில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள். வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். தலைவர் என் இழப்புக்கு வருந்துவதாகச் சொன்னார்.

வெளியே வரும்போது டவுன்ஷிப்பின் கிளார்க் அம்மாள் வாசல்வரை பின்னாலேயே வந்தார். நாங்கள் முதலில் உங்களைத்தான் கேட்டோம், தெரியுமா என்றார். எனக்குத் தெரியாது. பாதிக்கப்பட்ட குடும்பத்திலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று கவுன்சிலில் பேசி, உங்கள் சமூகப் பெரியவருக்கு போன் செய்தோம், அவர் உங்கள் மதத்தில் ஒரு வருடம் நீங்கள் வெளியே வரக்கூடாது என்று சொன்னார், அதை நாங்கள் மதித்தோம் என்றார். மதித்தோம் என்பதை இரண்டு தடவை சொன்னார். உண்மையிலேயே நல்ல பெண்மணி, கண் கலங்கியிருந்தது. ஒருவரை வாசலிலேயே நிறுத்திவைக்க அவருடைய வழக்கத்தை மதித்தால் போதும் என்பதைப் பழைய சர்க்காரும் நன்றாக அறிந்திருந்தது. நான் அவருக்கும் நன்றி சொன்னேன்.

ராவ் பகதூர் பார்க்கிங்கில் தன் காரருகே எங்களுக்காகக் காத்திருந்தார். கிளார்க் சொன்னதைச் சொன்னேன்.

“ஆமாம்மா, கேட்டாங்க,” என்றார், மறைக்காமல். “உனக்காகத்தான் வேண்டாம்னு சொன்னேன். அந்த நேரத்துல நீ இருந்த நிலைமைக்கு...”

“சரி அண்ணா.”

“தப்பா எடுத்துக்கலையே?”

“இல்ல அண்ணா.”

காரில் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், நீ ஏன் கத்தவில்லை என்று. தெரியலை என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. என் கைகள் ஸ்டியரிங்கில் சரியாக இருந்தன, இண்டிகேட்டர் போட்டேன், ஸ்டாப் சைனில் நின்றேன். பிள்ளை அழுகிறாள் என்ற செய்தி எங்கேயோ தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது.

குளிர் வந்ததும் வெஸ்ட்டும் வந்தது. வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தவர் ராவ் பகதூர்தான், காரில். மகள் அதைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். பள்ளி வாசலில் தோழிகள் பிரிந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வாள், எனக்காக.

தை மாதம் முதல் வருஷத் திதி வந்தது. வார நாள். கொழுந்தன் கேட்டியிலிருந்து வந்து காலையிலேயே செய்துமுடித்து, சாப்பிட்டு, ஏர்போர்ட் கிளம்பிவிட்டான். மகளுக்குப் பரீட்சை, பள்ளிக்குப் போய்விட்டாள். ராவ் பகதூர் ஆபீஸ் முடித்து சாயங்காலமாக வந்தார். வடையைத் தட்டில் வைத்துக்கொண்டு, சந்தோஷச் செய்தி சொல்கிறவர்போல் சொன்னார்.

“வருஷம் திரும்பிடுச்சு. இனிமே நீ தாராளமா வரலாம்மா. என் சீட்டையே உனக்குக் குடுத்துடறேன். கிளார்க்கிட்ட பேசிட்டேன்.”

“இன்னும் என்ன வேலை இருக்கு அண்ணா?”

அவர் யோசித்தார். “பேம்ஃப்லெட்டோட தமிழ் டிரான்ஸ்லேஷன் பாக்கணும். அவ்வளவுதான்.”

நான் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன். வீட்டில் இருக்கும் நாட்களில் மகள் வரும் நேரத்துக்கு ரோட்டோரம் போய் நிற்பேன். அதைச் சொன்னதும் அவரும் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். “இரு, நானும் வரேன்.” காரைத் தாண்டி நடந்தோம். ஓரத்தில் ஒதுக்கிய பனி இடுப்பளவு உறைந்து கிடந்தது, அதனால் ரோட்டிலேயே இறங்கி நிற்க வேண்டியிருந்தது. அவர் ஷூ வழுக்கியது. கார்கள் எங்களை உரசிக்கொண்டு போவதுபோல் போயின. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

“இவ்வளவு வேகமாவா போறாங்க?” என்றார்.

எதிர்ப்பக்கம் மஞ்சள் தெரிந்தது. மகள் வந்து ரோட்டோரம் நின்றாள். எங்களைப் பார்த்துக் கையை அசைத்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது, கார்களின் வெள்ளை விளக்குகள் ஒரு பக்கமாகவும் சிவப்பு விளக்குகள் மறுபக்கமாகவும் ஓடிக்கொண்டிருந்தன. ராவ் பகதூர் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். “அங்கேயே நில்லும்மா! வராதே! நான் காரை எடுத்துட்டு வரேன்!”

அவளுக்குக் கேட்கவில்லை. இடமும் வலமும் பார்த்தாள், மறுபடி இடப்பக்கம் பார்த்தாள், ஓடத் தொடங்கினாள். ஒரு ஹாரன் நீளமாக அடித்தது. ராவ் பகதூர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். “முருகா, முருகா” என்று அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

நான் மூடவில்லை. தினமும் இதைத்தான் பார்க்கிறேன், என் கண்ணெதிரில் நடக்காத நாட்களில்கூட ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து இதே நேரத்தில் பார்க்கிறேன். நடுக்கோட்டில் அவள் நின்று, ஒரு லாரியைப் போகவிட்டு, மீண்டும் ஓடி வந்தாள்.

“ஹாய் அங்கிள்,” என்றாள், மூச்சு வாங்க.

அவர் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.